ஈபிவி ஏறிய பி செல்லில் "வார்பர்க் விளைவு" என்று எழுதிவிட்டால் போதுமா?

#1 – விழுதுமரம்

ஒரு கட்டுரை வரைவு பார்வைக்கு வந்திருக்கிறது. ஓய்வில் இருக்கும் பி செல்களையும் (நோயை எதிர்க்கும் வெள்ளணு வகை), அவற்றில் எப்ஸ்டீன்-பார் வைரஸை (இனி ஈபிவி) ஏற்றி நாலு வாரம் கழித்துக் கிடைத்த எல்சிஎல் செல்களையும் (வைரஸால் ஓயாமல் பிரியும்படி மாறிய பி செல்கள்) சீஹார்ஸ் கருவியில் (செல் எடுக்கும் ஆக்சிஜனையும் விடும் அமிலத்தையும் அளப்பது) ஓட்டியிருக்கிறார்கள். எல்சிஎல்லில் குளுக்கோஸ் உறிஞ்சலும் லாக்டேட்டும் பல மடங்கு அதிகம். அதை வைத்து "ஈபிவி வார்பர்க் விளைவைத் தூண்டி லிம்ஃபோமாவை உண்டாக்குகிறது" என்று முடித்திருக்கிறார்கள். (வார்பர்க் விளைவு என்பது ஆக்சிஜன் இருந்தும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றித் தள்ளுவது; லிம்ஃபோமா, நிணநீர்ச் செல் புற்று.) இந்த முடிவு நிற்குமா? நிற்காதென்றால் எந்தக் கட்டுப்பாட்டுச் சோதனைகளைக் கேட்க வேண்டும்? புற்றோடு தொடர்புள்ள வேறு வைரஸ்களான கேஎஸ்எச்வி, எச்டிஎல்வி-1 பற்றியும் இதே வாக்கியம் பல இடங்களில் வருகிறது. அதையும் சேர்த்தே பேசலாம்.

#2 – மறைநிலை_மூன்று

நிற்காது. ஓய்வில் இருக்கும் பி செல் பிரிவதே இல்லை. வைரஸ் இல்லாமலே அதைத் தூண்டிப் பிரிய வைத்தாலும் குளுக்கோஸ் உறிஞ்சல் ஏறத்தான் செய்யும். அவர்கள் அளந்தது "பிரியும் செல், பிரியாத செல்" வேறுபாட்டை. வைரஸின் பங்கு அதற்குள் எங்கோ புதைந்து கிடக்கிறது.

குறைந்தது மூன்று ஒப்பீடுகள் கேளுங்கள்.

ஒன்று, அதே கொடையாளியின் பி செல்களை சிடி40 லிகண்டும் ஐஎல்-4ம் (டி செல் தரும் இயல்பான தூண்டுதல்கள்) கொடுத்துத் தூண்டி, அதே நாட்களில் அளப்பது. வைரஸ் இல்லாத பிரிதல் எப்படி இருக்கும் என்பதற்கு இதுதான் அளவுகோல்.

இரண்டு, பி493-6 செல்வரிசை. இதில் ஈபிவியின் இபிஎன்ஏ2 புரதம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு ஒட்டியிருக்கும். எஸ்ட்ராடயால் போட்டால்தான் வேலை செய்யும். செல் பெருக்கத்தை முடுக்கும் மிக் மரபணுவோ டெட்ராசைக்ளின் போட்டால் அணையும். ஆக, மிக் மட்டும் ஓடும் பர்கிட் (மிக் கட்டுப்பாடிழந்த பி செல் லிம்ஃபோமா) போன்ற நிலை, இபிஎன்ஏ2 ஓடும் எல்சிஎல் போன்ற நிலை, இரண்டும் அணைந்த நிலை என்று ஒரே மரபணுப் பின்னணியில் மூன்றும் கிடைக்கும். மிக் அணைக்க ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின் போதும். இங்கே பலர் சறுக்குவது சீரத்தில். சாதாரண மாட்டுக்கன்று சீரத்தில் மிச்சம் மீதி டெட்ராசைக்ளின் இருந்தால் மிக் பாதி அணைந்தே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் வேறு இருக்கும். மீடியத்தின் ஃபீனால் ரெட் சாயமும் லேசாக ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும். டெட்ராசைக்ளின் இல்லாத, கரியில் வடித்த சீரம், சாயம் இல்லாத மீடியம். இது மூன்றும் இல்லாமல் செய்த பி493-6 தரவை நான் நம்புவதில்லை.

மூன்று, மூட்டு-I, மூட்டு-III என்ற செல்வரிசைகள். ஒரே பர்கிட் கட்டியிலிருந்து வந்தவை. முன்னது மறைநிலை 1, பின்னது மறைநிலை 3. (மறைநிலை என்பது வைரஸ் பெருகாமல் செல்லுக்குள் தங்குவது; 1இல் மிகச் சில வைரஸ் மரபணுக்களே திறந்திருக்கும், 3இல் பல.) இரண்டிலும் மிக் இடமாற்றம் உண்டு, ஆகவே வேறுபாடு வைரஸ் மரபணுக்களின் கணக்கில் சேரும்.

முக்கியமான இன்னொன்று அளவைச் சமன்செய்யும் முறை. தொற்றிய செல் சில நாட்களிலேயே ஊதிப் பெரிதாகும். "ஒரு லட்சம் செல்லுக்கு இவ்வளவு" என்று போட்டால் பெரிய செல் எல்லாவற்றிலும் அதிகம் காட்டும். புரத அளவுக்கோ செல் கன அளவுக்கோ சமன்செய்து பார்த்தால் "பல மடங்கு" எவ்வளவு சுருங்குகிறது என்று கேளுங்கள்.

#3 – கண்ணாடிக்குடுவை

#2உடன் ஒத்துப்போகிறேன். "நாலு வாரம் கழித்து" என்பதிலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. ஈபிவி ஏறிய பி செல்லுக்கு ஒரே வளர்சிதைமாற்றம் கிடையாது, நாளுக்கு நாள் மாறும்.

தொற்றிய முதல் இரண்டு மூன்று நாளில் பிரிதலே இருக்காது. செல் ஊதும், ஆர்என்ஏ கூடும், இபிஎன்ஏ2 மேலேறி மிக்கை இழுத்துவிடும். ஏறத்தாழ 72 மணி நேரத்தில் முதல் பிரிவு. அதிலிருந்து ஒரு வாரம் வரை அசுர வேகம், 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒரு பிரிவு. பிறகு வேகம் தணிந்து, வைரஸின் எல்எம்பி1 புரதமும் அதன் என்எஃப்-கப்பாபி சமிக்ஞையும் (செல்லைப் பிழைக்க வைக்கும் பாதை) மெல்ல மெல்ல ஏறி எல்சிஎல் நிலைக்கு வந்து சேரும். அசுர வேகக் கட்டத்தில் நிறைய செல்கள் டிஎன்ஏ சேதத்தில் சாகின்றன. அவற்றைத் தாண்டி வந்தவைதான் எல்சிஎல். நாலாம் வாரத்தில் மட்டும் அளந்தால் தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் அளக்கிறீர்கள்.

குளுக்கோஸும் இந்தக் கட்டங்களில் வெவ்வேறு கையில் இருக்கிறது. தொடக்கத்தில் இபிஎன்ஏ2 வழியாக மிக். பின்னர் எல்எம்பி1 வழியாக என்எஃப்-கப்பாபி. எல்சிஎல்லில் என்எஃப்-கப்பாபியை ஐகேகே-பீட்டா தடுப்பானால் அணைத்தால் குளுக்கோஸை உள்ளே விடும் குளுட்1 கடத்தி செல்லின் மேற்படலத்திலிருந்து உள்ளே போய்விடுகிறது. அதனால் குளுட்1 எம்ஆர்என்ஏவை மட்டும் அளந்தவர்களிடம் மேற்படல அளவைக் கேளுங்கள். ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவி) படலத்தைத் துளைக்காமல் சாயமிட வேண்டும், செல்லைத் துளைத்துவிட்டால் உள்ளே கிடப்பதும் சேர்ந்துவிடும்.

லாக்டேட்டை வெளியே தள்ளும் கதவுகளும் அப்படித்தான். முதலில் எம்சிடி1, மிக்கின் பின்னால் வருவது. எம்சிடி4 பிற்பாடு ஏறுகிறது. ஆரம்ப நாட்களில் எம்சிடி1 தடுப்பான் நன்றாக அடிக்கும். நிலைபெற்ற எல்சிஎல்லில் எம்சிடி4 ஈடுகட்டிவிடும். இரண்டையும் சேர்த்து அடைத்தால்தான் லாக்டேட் உள்ளே தேங்குகிறது, அப்போது மெட்ஃபார்மின், ஃபென்ஃபார்மின் போன்ற சுவாசத்தைக் குறைக்கும் மருந்துகளுக்கு செல் எளிதில் பலியாகிறது.

#4 – ஐசோடோப்பு

"வார்பர்க்" என்ற சொல்லே இங்கே கவனத்தைத் திசைதிருப்புகிறது. ஈபிவியின் பெரிய கைவேலை மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. 2019இல் வந்த புரதத்தொகுதி ஆய்வில், தொற்றிய நாள் முதல் 28ஆம் நாள் வரை பின்தொடர்ந்தபோது, மிகக் கடுமையாக மேலேறிய பாதைகளில் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு-கார்பன் பாதை (செரினிலிருந்து ஒற்றைக் கார்பனைப் பிரித்துக் கொடுப்பது). எஸ்எச்எம்டி2, எம்டிஎச்எஃப்டி2 நொதிகள். எம்டிஎச்எஃப்டி2 ஓய்விலுள்ள பி செல்லில் ஏறத்தாழ இல்லை, இபிஎன்ஏ2 அதை ஏற்றுகிறது. செரின் உறிஞ்சலும் செரின் தயாரிப்பும் கூடவே ஏறுகின்றன. கிடைக்கும் ஃபார்மேட், நியூக்ளியோடைடு கட்டப் போகிறது. கூடவே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் என்ஏடிபிஎச் (ஆக்சிஜனேற்றச் சேதத்தைச் சமாளிக்க உதவும் மூலக்கூறு) கிடைக்கிறது. 10 மணி நேரத்துக்கு ஒருமுறை டிஎன்ஏவை இரட்டிப்பாக்கும் செல்லுக்கு ஏடிபியைவிட இவைதான் அவசரத் தேவை.

இதை நிரூபிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: 2,3,3-டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய செரின். ஒரு-கார்பன் அலகு சைட்டோசாலில் நேரடியாக வந்தால் தைமிடிலேட்டில் (டிஎன்ஏவின் ஓர் அலகு) இரண்டு டியூட்டீரியம் இருக்கும், அதாவது எம்+2, நிறை இரண்டு கூடியது. மைட்டோகாண்ட்ரியாவில் ஃபார்மேட்டாக மாறி வெளியே வந்தால் ஒன்று கழன்றுவிடும், எம்+1. விகிதத்தைப் பார்த்தால் பாதை தெரிந்துவிடும். எம்டிஎச்எஃப்டி2வை நீக்கினால் எம்+1 விழ வேண்டும். விழாவிட்டால் நீக்கம் சரியாக நடக்கவில்லை, அல்லது சீரம் குறுக்கே நிற்கிறது.

சீரம் என்றது ஏனென்றால், சாதாரண சீரத்தில் டியூட்டீரியம் இல்லாத செரினும் கிளைசினும் உண்டு. டயாலிசிஸ் செய்த சீரம் கட்டாயம். வழக்கமான மீடியமான ஆர்பிஎம்ஐ-1640இல் செரின் லிட்டருக்கு 30 மில்லிகிராம், கிளைசின் 10. பட்டினிச் சோதனைக்கு இரண்டையும் எடுக்க வேண்டும். செரினை மட்டும் எடுத்தால் எஸ்எச்எம்டி பின்னோக்கி ஓடி கிளைசினைச் செரினாக்கப் பார்க்கும், அதற்கு ஒரு-கார்பனைச் செலவழிக்கும். படம் குழம்பிவிடும்.

செல்லைக் கொல்லும் நொடியும் முக்கியம். மிதக்கும் செல் என்பதால் சுழற்றி இறக்க வேண்டும். குளிர்ந்த உப்புக்கரைசலில் மூன்று முறை அலசிக்கொண்டிருந்தால் லாக்டேட்டும் ஏடிபியும் மாறிவிடும். ஒரே ஒரு வேகமான சுழற்சி, ஒரு அலசல் அல்லது அதுவும் இல்லாமல், உடனே உறைகுளிரில் வைத்த 80 சதவீத மெத்தனால். அலசாவிட்டால் வெற்று மீடியத்தையும் அதே முறையில் எடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

#5 – விழுதுமரம்

#4க்கு ஒரு துணைக்கேள்வி. ஃபார்மேட் ஊற்றினால் செல் மீண்டுவிட்டால், குறை நியூக்ளியோடைடில்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#6 – ஐசோடோப்பு

பாதி வரை. 1 மில்லிமோலார் ஃபார்மேட் ஒரு-கார்பனை மட்டும் ஈடுகட்டும், மைட்டோகாண்ட்ரியாவின் என்ஏடிபிஎச்சை ஈடுகட்டாது. முழுதாக மீண்டால் குறை நியூக்ளியோடைடில். அரைகுறையாக மீண்டு, மைட்டோசாக்ஸ் சாயம் (மைட்டோகாண்ட்ரியாவின் சூப்பராக்சைடைக் காட்டுவது) இன்னும் உயர்ந்தே நின்றால் மிச்சக் குறை ரெடாக்ஸில், அதாவது ஆக்சிஜனேற்றச் சமநிலையில். எஸ்எச்எம்டி2வையே நீக்கியிருந்தால் ஃபார்மேட்டோடு கிளைசினும் போதுமான அளவு இருக்கிறதா பாருங்கள்.

#7 – மறைநிலை_மூன்று

ரெடாக்ஸ் என்றதும் ஞாபகம் வருவது, பர்கிட் செல்லுக்கும் எல்சிஎல்லுக்கும் உள்ள பளிச்சென்ற வேறுபாடு. மறைநிலை 1இல் இருக்கும் பர்கிட் செல்கள் எராஸ்டின் கொடுத்தால் ஃபெரோப்டோசிஸில், அதாவது இரும்பால் கொழுப்பு துருப்பிடித்து, சாகின்றன. மறைநிலை 3இல் இருக்கும் எல்சிஎல்கள் தாங்கி நிற்கின்றன. வைரஸ் ஒன்றுதான், திறந்திருக்கும் மரபணுத் தொகுப்பு வேறு. வாசகர் "ஈபிவி லிம்ஃபோமா" என்று ஒரே பெட்டியில் போட்டால் இந்த முரண் மறைந்துவிடும்.

இதைச் செய்து பார்ப்பவர்கள் மீடியம் குப்பியைப் படியுங்கள். பி செல் ஆய்வகங்களில் 50 மைக்ரோமோலார் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் போடுவது வழக்கம். அது சிஸ்டினோடு கலப்பு டைசல்ஃபைடாகி வேறு கடத்தி வழியாக சிஸ்டீனை உள்ளே கொண்டுபோகும். எராஸ்டின் அடைப்பது சிஸ்டினை உள்ளே விடும் எக்ஸ்சிடி கடத்தியை. அது தேவையே இல்லாமல் போய்விட்டால் மருந்து "வேலை செய்யவில்லை" என்றுதான் தெரியும். பர்கிட் செல்கள் அடர்த்தி குறைந்தால் சாவதற்கும் சிஸ்டின் பற்றாக்குறைதான் காரணம்; ஆல்ஃபா-தயோகிளிசரால் போட்டால் பிழைப்பது அதனால்தான். ஆகவே எல்லாக் கிணறுகளிலும் ஒரே அடர்த்தி, தயோல் (மேலே சொன்ன மெர்காப்டோஎத்தனால் போன்றவை) இல்லாத மீடியம், கூடவே ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 போட்டு மீள்கிறதா என்ற சோதனை. மூன்றும் இல்லாவிட்டால் அந்த வரைபடத்துக்கு அர்த்தமில்லை.

#8 – கூடல்நதி

கேஎஸ்எச்வி பக்கம். 1994இல் கபோசி கட்டியில் (ரத்தநாளச் செல் புற்று) கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே உடற்குழி நீரில் வரும் லிம்ஃபோமாவோடு, அதாவது பிஇஎல்லோடு தொடர்பு தெரிந்தது. இந்த இழையின் கேள்விக்கு நல்ல எதிர்வாதம் இந்த வைரஸிடம்தான் இருக்கிறது.

எண்டோதீலியல் (ரத்தநாள உட்சுவர்) செல்லில் கேஎஸ்எச்வி மறைநிலையில் இருக்கும்போது குளுக்கோஸ் உறிஞ்சலும் லாக்டேட்டும் ஏறுகின்றன, 2010இல் வந்த முடிவு. பிஇஎல் செல்லிலும் கிளைக்காலிசிஸும் (குளுக்கோஸை உடைப்பது) கொழுப்பமிலத் தயாரிப்பும் ஏறியிருக்கின்றன. ஃபேட்டி ஆசிட் சிந்தேஸைத் தடுத்தால் செல் சாகிறது. வைரஸின் லானா புரதம் விஎச்எல் புரதத்தை அழிக்கச் செய்து, கிளைக்காலிசிஸை ஏற்றும் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபாவைத் தங்க வைக்கிறது. இதுவரை எல்லாம் ஒரே திசை.

2016இல் எலியின் மெசன்கைமல் (திசு முன்னோடி) செல்லை கேஎஸ்எச்வி உருமாற்றிய மாதிரியில் நேரெதிர். வைரஸின் மைக்ரோ ஆர்என்ஏக்களும் விஃப்ளிப் புரதமும் குளுட்1, குளுட்3 இரண்டையும் *இறக்குகின்றன*. கிளைக்காலிசிஸும் குறைவு, சுவாசமும் குறைவு. பலன், குளுக்கோஸ் வற்றிய இடத்தில் இந்தச் செல்கள் பிழைக்கின்றன, உருமாறாதவை சாகின்றன. விஃப்ளிப் வேலை செய்வது என்எஃப்-கப்பாபி வழியாக. #3இல் சொன்ன எல்எம்பி1ம் அதே வழிதான், ஆனால் அங்கே குளுட்1 மேலே வருகிறது! ஒரே சமிக்ஞைப் பாதை, எதிரெதிர் விளைவு. செல் வகையைச் சொல்லாமல் "வைரஸ் குளுக்கோஸைக் கூட்டுகிறது" என்று எழுதுபவர்களுக்கு இந்த ஒரு சோடியைக் காட்டினால் போதும்.

பிஇஎல் செல்வரிசை வாங்கும்போது எச்சரிக்கை: பிசி-1, ஜேஎஸ்சி-1 இரண்டிலும் ஈபிவியும் உண்டு. பிசி-3, பிசிபிஎல்-1 இரண்டிலும் கேஎஸ்எச்வி மட்டும். நோயாளிகளின் பிஇஎல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு வைரஸும் சேர்ந்தே இருக்கின்றன, ஆகவே பிசி-3ஐ மட்டும் வைத்துச் சொல்வதும் முழுமையாகாது.

#9 – நெல்மணி

எச்டிஎல்வி-1 பற்றிச் சுருக்கமாக. இந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒன்றே குளுட்1தான், 2003இல் தெரிந்தது. ஆகவே தொற்றிய டி செல்லில் குளுட்1 கூடியிருந்தால் அதை உடனே வைரஸ் செய்த மாற்றம் என்று சொல்ல முடியாது. குளுட்1 அதிகமுள்ள, ஏற்கெனவே தூண்டப்பட்ட டி செல்லை வைரஸ் தேர்ந்து நுழைந்திருக்கலாம். வேறு வைரஸின் உறை போர்த்திய கடத்தி வழியாக எச்டிஎல்வி-1இன் டாக்ஸ் மரபணுவை மட்டும் ஏற்றிச் செய்த கட்டுப்பாடு இல்லாமல் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

#10 – குருதியறை

மருந்து பக்கத்திலிருந்து சிலது. மேலே சொன்ன பாதைகள் ஒவ்வொன்றுக்கும் "இதோ மருந்து" என்று ஒரு வரி கட்டுரைகளின் கடைசியில் வரும். அங்கேதான் வெட்ட வேண்டியது அதிகம்.

ஸ்டேட்டின்: ஈபிவி மெவலோனேட் பாதையை ஏற்றுகிறது. அதில் வரும் ஜெரனைல்ஜெரனைல் பைரோபாஸ்பேட் இல்லாமல் ராப்13 என்ற சிறு ஜிடிபியேஸ் படலத்தில் ஒட்டாது, எல்எம்பி1, எல்எம்பி2ஏ சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. சிம்வாஸ்டேட்டின் குடுவையில் செல் பெருக்கத்தை நிறுத்துகிறது, உண்மை. ஆனால் அந்த அளவு மைக்ரோமோலாரில். கொழுப்புக்குக் கொடுக்கும் மாத்திரையில் ரத்தத்தில் நிற்பது நானோமோலாரில்தான். பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, ஸ்டேட்டின் பி செல் மேற்படலத்திலுள்ள சிடி20இன் வடிவத்தை மாற்றி, அதைக் குறிவைக்கும் ரிட்டக்சிமாப் மருந்து ஒட்டுவதைக் குறைக்கும் என்று ஆய்வகத் தரவு உண்டு.

எம்சிடி1 தடுப்பான் ஏஇசட்டி3965: முதற்கட்டச் சோதனைக்குப் போனது. விழித்திரைச் செல்லுக்கும் லாக்டேட் கதவு வேண்டும், கண்ணில் மாற்றங்கள் தெரிந்தன. கட்டியில் எம்சிடி4 இருந்தால் பயனும் சந்தேகம். நோயாளியைச் சேர்க்கும் முன் எம்சிடி4 சாயமிட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

ஐடிஓ1: ஈபிவி தொற்றிய முதல் நாட்களில் ஐடிஓ1 நொதியை ஏற்றி, டிரிப்டோபேனிலிருந்து புதிதாக என்ஏடி (ஆற்றல் வினைகளுக்கு வேண்டிய துணைமூலக்கூறு) செய்துகொள்கிறது, 2024இல் வந்தது. மனித எதிர்ப்பு மண்டலம் ஏற்றிய எலிகளில் தடுப்பான் கொடுத்தபோது வைரஸ் அளவும் கட்டியும் குறைந்தன. கவனியுங்கள், பலன் உருமாற்றம் நடக்கும் அந்தச் சன்னலில். உறுப்பு மாற்றியவருக்கு முன்கூட்டிக் கொடுப்பதாக இருந்தால் யோசிக்கலாம். வந்துவிட்ட கட்டிக்கு இதே தர்க்கம் பொருந்தாது. மெலனோமாவில் ஐடிஓ1 தடுப்பான் எபகாடோஸ்டாட் 2018இல் தோற்றதை இங்கே இழுப்பதும் சரியல்ல. அங்கே குறி டி செல், இங்கே வைரஸ் ஏறிய பி செல்லே.

நடைமுறையில் நிலைத்த வளர்சிதைமாற்ற மருந்து என்றால் அது ஆஸ்பராஜினேஸ். ஈபிவி உள்ள மூக்குப் பகுதி என்கே/டி லிம்ஃபோமாவில் சிஎச்ஓபி என்ற வழக்கமான கீமோ தோற்கிறது, செல் பி-கிளைக்கோபுரதத்தால் அதிலுள்ள ஆந்த்ராசைக்ளினை வெளியே தள்ளிவிடும். ஆஸ்பராஜின் சிந்தட்டேஸ் குறைந்த செல் என்பதால் வெளியே ஆஸ்பராஜினை வற்றவைத்தால் சாகிறது. ஸ்மைல் என்ற கீமோ முறையில் ஒரு சதுர மீட்டருக்கு 6000 யூனிட். இது வைரஸின் வேலையா, என்கே செல்லின் பிறவிக்குணமா என்று கேட்டால் நான் பின்னதன் பக்கம் சாய்வேன். கண்காணிக்க வேண்டியவை ஃபைப்ரினோஜன், லிப்பேஸ், டிரைகிளிசரைடு, சர்க்கரை, அம்மோனியா. அம்மோனியா ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஓட்டாவிட்டால், குழாய்க்குள்ளேயே நொதி வேலையைத் தொடர்ந்து பொய்யான உயர்வு காட்டும். வைரஸ் டிஎன்ஏவை முழு ரத்தத்தில் அல்ல, பிளாஸ்மாவில் பின்தொடருங்கள்.

#11 – தென்காற்று

நோயாளிகளின் குடும்பங்கள் கேட்கும் கேள்வி: சர்க்கரையை நிறுத்தினால் பர்கிட் கட்டி பட்டினி கிடக்குமா? சர்க்கரை உறிஞ்சும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேனில் அப்படி ஒளிர்கிறதே?

#12 – குருதியறை

கிடக்காது. சாப்பாட்டில் சர்க்கரையை நிறுத்தினாலும் கல்லீரல் ரத்தச் சர்க்கரையைக் கீழே விடாது, தசையைக் கரைத்தாவது செய்துகொடுக்கும். கீமோ தாங்க வேண்டிய உடம்பு மெலிவதுதான் மிச்சம். கட்டியின் செல்லோ குளுக்கோஸ் குறைந்தால் குளுட்டமினுக்குத் தாவும். பி493-6இல் குளுக்கோஸ் இல்லாமலே குளுட்டமினால் சிட்ரிக் அமிலச் சுழற்சி ஓடுவதை 2012இலேயே காட்டியிருக்கிறார்கள்.

வளர்சிதைமாற்றம் பர்கிட் நோயாளியை உடனடியாகக் கொல்லும் இடம் வேறு: கட்டி கரையும்போது. யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட் மூன்றும் ஏறும். யூரிக் அமிலத்தை உடைக்கும் ராஸ்பூரிகேஸ் நொதி, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். கொடுக்கும் முன் ஜி6பிடி (சிவப்பணுவில் என்ஏடிபிஎச் செய்யும் நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராஸ்பூரிகேஸ் யூரிக் அமிலத்தை உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், என்ஏடிபிஎச் செய்ய முடியாத சிவப்பணு உடைந்துவிடும். டெனிஸ் பர்கிட் 1958இல் உகாண்டாவில் விவரித்த அந்த நோய், மலேரியா ஆண்ட வட்டாரங்களில்தான் அதிகம். ஜி6பிடி குறைபாடும் அதே வட்டாரங்களில்தான் அதிகம். சோதனை செய்ய வசதியில்லாத இடத்தில் அலோபியூரினாலும் நிறைய திரவமும்தான் பாதுகாப்பு. ராஸ்பூரிகேஸ் கொடுத்தபின் யூரிக் அமிலத்துக்கு எடுக்கும் ரத்தமும் பனிக்கட்டியில் போக வேண்டும், இல்லாவிட்டால் குழாயிலேயே கரைந்து பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

#13 – கண்ணாடிக்குடுவை

உணவு விஷயத்தில் ஒன்றே ஒன்று உண்மையான ஆர்வம் தருவது, மெத்தியோனின். பர்கிட் செல் மறைநிலை 1இல் இருப்பதற்கு வைரஸ் டிஎன்ஏவின் மேல் ஏறிய மெத்தில் குறிகள் வேண்டும், அந்த மெத்தில் மெத்தியோனினிலிருந்து வருகிறது. மெத்தியோனினைக் குறைத்தால் மூடிக் கிடந்த இபிஎன்ஏ3, எல்எம்பி1 போன்றவை வெளிப்படுகின்றன; டி செல் கண்ணில் படக்கூடிய புரதங்கள் அவை. பட்டினி போட்டுக் கொல்வதல்ல நோக்கம், காட்டிக்கொடுக்க வைப்பது. எலியில் உணவு வழியாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் டி செல்லுக்கும் மெத்தியோனின் வேண்டும் என்பதை இதைப் பேசுபவர்கள் பாதிப் பேர் சொல்வதில்லை.

ஆர்பிஎம்ஐயில் மெத்தியோனின் 100 மைக்ரோமோலார், மனித பிளாஸ்மாவில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. குளுக்கோஸும் 11 மில்லிமோலார், ரத்தத்தில் 5. நம் குடுவைச் செல்கள் எல்லாமே விருந்துச் சாப்பாட்டில் வளர்பவை.

#14 – விழுதுமரம்

அப்படியானால் பிளாஸ்மா போன்ற மீடியத்தில் மீண்டும் செய்யச் சொல்லலாமா? சீஹார்ஸ் பகுதியிலும் வேறு என்ன கேட்க வேண்டும்?

#15 – மறைநிலை_மூன்று

சொல்லலாம், ஆனால் ஒன்று தெரிந்து சொல்லுங்கள். பிளாஸ்மா போன்ற மீடியமான எச்பிஎல்எம்மில் மனித அளவுக்கு யூரிக் அமிலம் இருக்கும். அது பிரிமிடின் தயாரிப்பின் கடைசி நொதியான யுஎம்பிஎஸ்ஸைத் தடுக்கிறது. 5-ஃப்ளூரோயுராசிலின் வீரியம் மாறும், ஒரு-கார்பன் முடிவுகளும் நகரலாம். நகர்ந்தால் அது மீடியத்தின் குற்றமில்லை.

சீஹார்ஸில்: எல்சிஎல் கொத்துக்கொத்தாக வளரும். கொத்தைப் பிரிக்காமல் ஊற்றினால் கிணற்றுக்குக் கிணறு எண்ணிக்கை மாறும். செல்-டேக் பசை பூசி, 96 கிணற்றுத் தட்டில் ஒரு கிணற்றுக்கு 1 முதல் 1.5 லட்சம் செல், 200 ஜியில் ஒரு நிமிடம், பிரேக் போடாமல் இறக்க வேண்டும். பிரேக் போட்டால் ஒரு பக்கம் குவிந்துவிடும். ஓய்விலுள்ள பி செல்லுக்கு இந்த எண்ணிக்கையில் சமிக்ஞை போதாது. அதற்கு இரண்டு மூன்று மடங்கு வேண்டும். சுவாசத்தை உச்சத்துக்கு ஓட்டும் எஃப்சிசிபியை 0.5 முதல் 2 மைக்ரோமோலார் வரை ஒவ்வொரு செல் வகைக்கும் தனித்தனியே அளந்து எடுத்தார்களா என்று கேளுங்கள். ஓய்வு செல்லுக்கு எடுத்த அளவையே எல்சிஎல்லுக்கும் போட்டால் உபரித் திறன் பொய். அமில வெளியேற்றத்தில் சுவாசத்தின் கார்பன் டை ஆக்சைடு பங்கைக் கழித்தார்களா என்பதும் முக்கியம். கழிக்காவிட்டால் மைட்டோகாண்ட்ரியா கூடிய செல் "கிளைக்காலிசிஸ் கூடிய செல்" என்று பதிவாகும், #4 சொன்ன விஷயம் தலைகீழாகிவிடும்.

வரைவின் முறைப் பகுதியில் சைக்ளோஸ்போரின் இருக்கிறதா பாருங்கள். மொத்த வெள்ளணுவில் பி95-8 என்ற ஆய்வக ஈபிவியை ஏற்றும்போது டி செல் எல்சிஎல்லைக் கொன்றுவிடாதிருக்க மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம் போடுவார்கள். அது மைட்டோகாண்ட்ரியாவின் சைக்ளோஃபிலின் டியையும் பிடித்து ஊடுருவல் துளையை அடைக்கும். பிரித்தெடுத்த பி செல்லில் ஏற்றினால் அது தேவையே இல்லை. போட்டிருந்தால் ஓய்வு செல் குடுவையிலும் அதே அளவு போட்டிருக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் ஒளிந்து வளரும் பாக்டீரியா) சோதனைத் தேதியையும் கேட்டு வாங்குங்கள். அது ஆர்ஜினினைத் தின்று, அமிலத்தையும் நியூக்ளியோடைடையும் கலைத்துவிடும்.